நட்புக்கு ஊர்க்கூட்டத்தில் விசாரணையா?

ராமநாதபுரம் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 36 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஒன்பதாம் வகுப்பில் மகள், நான்காம் வகுப்பில் மகன். இரண்டு வருடத்துக்கு முன்பு கணவர் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்தது. அவர் யாழ்ப்பாணச் சிறையில் இருந்த மாதங்களில், மீன்வளத் துறை அலுவலகம், கலெக்டர் ஆபீஸ் என்று மனு எழுதிக் கொடுத்துக் கூடவே அலைந்தவர் இவரோடு பிளஸ் டூ வரை படித்த ஒருவர். இப்போது இ-சேவை மையம் வைத்திருக்கிறார். அவருக்கும் மனைவி, குழந்தை உண்டு. கணவர் விடுதலையாகி வந்த அன்று அந்த நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.

அதன்பிறகும் நட்பு தொடர்ந்தது. நண்பர் சொல்லித்தான் இவர் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தார். பாடத்தைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, சில நாள் ஒன்றுமில்லாததைப் பற்றியும் இருவரும் பேசுவார்கள். மே மாதம் ராமநாதபுரத்தில் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தபோது, வேறு வேலையாக வந்திருந்த நண்பரோடு டீக்கடையில் டீ குடித்திருக்கிறார். அதை யாரோ படம் எடுத்து, ‘படிப்பு நல்லா நடக்குது’ என்று எழுதி ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். கீழே வந்த பதில்களை இங்கே எழுத முடியாது.

அது மீன்பிடித் தடைக்காலம். கணவர் கரையில் இருந்தார். வலை பின்னுகிற இடத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே, “நீ உள்ளே இருந்தப்ப அவன்தானே எல்லாத்தையும் பார்த்துக்கிட்டான்” என்று சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி கணவர் இவருடைய செல்போனைச் சுவரில் அடித்தார். கோயிலில் வைத்து நண்பர் கையில் கயிறு கட்டி ‘அண்ணன்’ என்று ஊரறியச் சொல்லிவிடு என்கிறார் மாமியார். நண்பர் மேல் போலீஸில் கேஸ் கொடுப்பேன் என்கிறார் கொழுந்தன். ஆடித் திருவிழாவுக்கு முன் கூடும் ஊர்க்கூட்டத்துக்கு இருவரும் வந்து விளக்கம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் தலைக்கட்டு வரி (வீட்டுக்கு வீடு தருகிற ஊர் வரி) வாங்க மாட்டோம், அதாவது ஊரிலிருந்து ஒதுக்கிவைப்போம் என்று கமிட்டி சொல்லி அனுப்பியிருக்கிறது.

“எங்களுக்குள் தப்பாக எதுவும் இல்லை. ஔவையையும் அதியமானையும் பாடத்தில் படிக்கிறோம், அவர்களை யாரும் சந்தேகப்படவில்லையே. என்னை ஜெயிலில் போடுவார்களா? விவாகரத்து கேட்டால் பிள்ளைகள் போய்விடுமா? பேசாமல் நட்பையே விட்டுவிடவா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் முக்கியமான ஒரு வரி நடுப்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஜெயில் பயத்தைப் போக்கிவிடலாம், அந்தப் பயத்தோடு மற்றதை நிதானமாக யோசிக்க முடியாது.

போலீஸ் கேஸ் என்ற மிரட்டல்

ஒரு ஆணும் பெண்ணும் பேசுவது, டீ குடிப்பது, சேர்ந்து மனு எழுதுவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: ஊரார் உங்கள் மேல் சுமத்துவது உண்மையாகவே இருந்தாலும் அது கிரிமினல் குற்றமில்லை. பிறன் மனைவியோடு உறவு கொள்வதைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. அந்தப் பழைய சட்டத்திலும்கூட மனைவிக்குத் தண்டனை கிடையாது, அந்த ஆணுக்குத்தான். ஆகவே உங்களை ஜெயிலில் போடுவார்கள் என்பது அன்றைக்கும் சரியில்லை, இன்றைக்கும் சரியில்லை.

கொழுந்தன் கையில் எடுக்கக்கூடியது ஒன்று மிச்சம் இருக்கிறது. தவறான உறவு நோக்கத்தோடு மணமான பெண்ணைக் கலைத்துக்கொண்டு போவது, அந்தப் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 84-வது பிரிவில் இன்னும் குற்றம்தான். ஆனால் நீங்கள் உங்கள் வீட்டில், உங்கள் பிள்ளைகளோடு இருக்கிறீர்கள். உங்களை யாரும் எங்கும் கலைத்துக்கொண்டு போகவில்லை. இப்படி ஒரு புகார் வந்து ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் நண்பர் பயந்து ஊரைவிட்டுப் போக வேண்டாம். ஒரு வக்கீலோடு போய், நடந்ததை எழுத்தில் கொடுத்தால் போதும்.

விவாகரத்தும் பிள்ளைகளும்

உங்கள் திருமணம் இந்து முறைப்படி நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்து திருமணச் சட்டம் 13-வது பிரிவில், வேறொருவரோடு உடலுறவு கொண்டிருந்தால் அது விவாகரத்துக்கு ஒரு காரணம். அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு குற்றம் சாட்டுகிறவருடையது. டீக்கடைப் படத்தை வைத்து அதை நிரூபிக்க முடியாது. ஆதாரமில்லாமல் மனைவியின் ஒழுக்கத்தைக் கோர்ட்டில் கேவலப்படுத்தினால் அதுவே மனரீதியான கொடுமை என்று உச்ச நீதிமன்றம் 2003-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதாவது அந்தக் கத்தி, வீசுகிறவர் கையையும் வெட்டும்.

பிள்ளைகள் யாரிடம் இருக்க வேண்டும் என்பதைக் கோர்ட் பிள்ளைகளின் நலனை வைத்துத்தான் முடிவு செய்யும். ஊர்ப்பேச்சை வைத்து அல்ல. உங்கள் கணவர் விவாகரத்து என்ற சொல்லையே இதுவரை எடுக்கவில்லை, அதையும் கவனியுங்கள். அந்தச் சொல் உங்கள் பயத்தில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கணவர் உங்கள் போனை நோண்டி எடுத்தது எதுவும் கோர்ட்டில் செல்லாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் நினைத்தது நம் பரமக்குடி கோர்ட்டிலிருந்து போன வழக்காக இருக்கும். மனைவியின் போன் அழைப்பு விவரங்களைத் தெரியாமல் எடுத்துத் தாக்கல் செய்த கணவரின் ஆதாரத்தை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024-ல் ஏற்க மறுத்தது. ஆனால் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் குடும்ப வழக்கில் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. அதனால் போனில் இருப்பது எதுவும் வெளியே வராது என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

அந்த ஒரு வரி

இப்போது ஒளிந்திருந்த வரிக்கு வருகிறேன். “பிரச்சினை வேண்டாம் என்று அவர் நம்பரை ‘செல்வி டீச்சர்’ என்று சேவ் செய்து வைத்தேன், பேசியதை அன்றன்றைக்கு அழித்துவிடுவேன்” என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கடற்கரை ஊரில், வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிய தெருவில் வாழ்கிற ஒரு பெண் ஏன் அப்படிச் செய்வாள் என்பது புரிகிறது. ஆனால் உங்கள் கணவருடைய இடத்திலிருந்து ஒரு நிமிஷம் பாருங்கள். அந்தப் படத்தை அவர் தாங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பரீட்சைக்குப் போனது அவருக்குத் தெரியும், நண்பரையும் தெரியும். அவர் போனை எறிந்தது படத்தைப் பார்த்த அன்று இல்லை, வலை பின்னுகிற இடத்துப் பேச்சைக் கேட்டு வந்த ராத்திரி, ‘செல்வி டீச்சர்’ ஆண் குரலில் பேசியபோது. உங்கள் கடிதத்திலேயே அந்த வரிசை தெளிவாக இருக்கிறது.

தப்பில்லாத ஒன்றை மறைத்ததால், அது தப்பு என்று நீங்களே ஒத்துக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. நீங்கள் கேட்ட ‘விட்டுவிடவா, தொடரவா’ என்ற கேள்விக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இதுதான். மறைப்பை நிறுத்துங்கள். நம்பரை அவர் பெயரிலேயே வையுங்கள். இனி எதையும் அழிக்காதீர்கள். ஒருநாள் உங்கள் பக்க நியாயத்தைக் காட்டப் போவதும் அந்தப் பேச்சுகள்தான்.

கணவரிடம் என்ன சொல்வது

உங்கள் கணவரைச் சந்தேகப்பிராணி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதக்கணக்கில் வேறு நாட்டுச் சிறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் அவர். மகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டியது, வீட்டு வாடகைக்கு வழி செய்தது, தன் விடுதலைக்கே மனு எழுதியது எல்லாம் இன்னொரு ஆண் என்பது அவருக்குள் ஏற்கெனவே உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். வலை பின்னுகிற இடத்தில் அந்த ஆள் சொன்ன ஒரு வாக்கியம் சரியாக அந்தப் புண்ணில் போய் விழுந்தது. கணவர்மார் எத்தனையோ பேர் என் முன்னால் உட்கார்ந்து மனைவியின் நட்பைப் பற்றிக் கத்தியிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால், பலருக்கு அடியில் இருப்பது ‘அவளுக்கு நான் போதவில்லையோ’ என்ற அவமானம்.

அதனால், “எங்களுக்குள் எதுவும் இல்லை” என்பதோடு நிறுத்தினால் அவருக்குப் பதில் கிடைக்காது. நம்பரை மறைத்தது தப்பு, அதற்கு வருத்தப்படுகிறேன் என்று முதலில் சொல்லுங்கள். நட்புக்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம், மறைத்ததற்கு மட்டும் கேளுங்கள். அப்புறம் அந்தச் சிறை மாதங்களைப் பற்றிப் பேசுங்கள். அந்த நேரத்து மனு நகல்கள் வீட்டில் இருக்குமே, அவற்றை எடுத்து இருவரும் சேர்ந்து பாருங்கள். அந்த நட்பு யாருக்காக மறுபடி தொடங்கியது என்பதற்கு ஒவ்வொரு தாளிலும் அவர் பெயரே சாட்சி. கடலுக்குப் போய் ராத்திரி முழுக்கத் தூங்காமல் திரும்புகிற காலையில் இதை ஆரம்பிக்காதீர்கள். படகு போகாத ஒரு நாளில், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு பேசுங்கள்.

அவர் போனைக் கேட்டால், ஒருமுறை நீங்களே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நம்பிக்கையை மறுபடி கட்ட அது உதவும். ஆனால் தினமும் சோதனை என்று ஆக விடாதீர்கள். தனிமைக்கான உரிமை அடிப்படை உரிமை என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது, தாலி கட்டியதால் அது போய்விடுவதில்லை.

நீங்களும் உங்களை ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் வருகிற பேச்சு அவசியமா? வீட்டு வருத்தத்தைக் கணவரிடம் சொல்லும் முன்பே நண்பரிடம் சொல்லிவிடுகிறீர்களா? நண்பர் பக்கத்திலும் இது நட்பாக மட்டும்தான் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் வந்தால் நல்லது. தயக்கம் வந்தால் அதை உங்களிடமே மறைக்காதீர்கள்.

போனை எறிந்ததை ‘ஆம்பளைக் கோபம்’ என்று கடந்து போக வேண்டாம். மறுபடி பொருளை உடைத்தாலோ, கை ஓங்கினாலோ, ஒழுக்கத்தைச் சொல்லியே தினமும் வதைத்தாலோ அது 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் வரும். அடித்தால்தான் வன்முறை என்றில்லை. நடத்தையைப் பழித்துப் பேசுவதும் அந்தச் சட்டத்தின் கணக்கில் உண்டு. அந்த வீட்டில் வசிக்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது, சட்டப்படியான வழி தவிர யாரும் உங்களை வெளியே தள்ள முடியாது. உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181.

ஊர்க்கூட்டத்துக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். விளக்கம் சொல்வதற்காக நீங்களும் நண்பரும் போய் நிற்கவே வேண்டாம்.

வலை அறுந்த தகராறு, படகுப் பங்குத் தகராறு இதையெல்லாம் உங்கள் ஊர்க் கமிட்டி பேசி முடிப்பதை நான் குறை சொல்லவில்லை. கோர்ட்டில் வருடக்கணக்கில் இழுப்பதை அவர்கள் ஒரே சாயங்காலத்தில் தீர்க்கிறார்கள். ஆனால் ஒரு பெண்ணின் நடத்தையை விசாரிக்கவோ, அபராதம் போடவோ, ஒதுக்கிவைக்கவோ அவர்களுக்கு அதிகாரமில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுக சேர்வை வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று சொன்னது. மிரட்டிப் பணம் வாங்கினால் அது தனிக் குற்றம். ஒருமுறை அங்கே போய் நின்றுவிட்டால், கேட்கிற உரிமை அவர்களுக்கு உண்டு என்று நீங்கள் ஒத்துக்கொண்டதாகிவிடும். அப்புறம் அடுத்த வருடம் வேறொரு பெண்ணை நிறுத்துவார்கள்.

அதே நேரம், எடுத்த எடுப்பில் எஸ்.பி. ஆபீசுக்குப் போங்கள் என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் கணவர் அந்த ஊர்க்காரர்களோடுதான் படகு ஏற வேண்டும், ஆபத்து வந்தால் கயிறு போடப்போகிறவர்களும் அவர்கள்தான். முதலில் கணவர் மட்டும் தலைவரைத் தனியாகப் பார்த்து, “இது என் வீட்டு விஷயம், எங்களுக்குள் பேசிக்கொண்டோம், கூட்டத்தில் எடுக்க வேண்டாம்” என்று சொல்லட்டும். இதை அவர் வாயால் சொல்வதற்கு இருக்கிற பலம் வேறு எதற்கும் இல்லை. அதனால்தான் கணவரோடு பேசுவதை முதலில் வைத்தேன்.

அதையும் மீறி வரி வாங்க மறுத்தால், யாரிடம் எந்தத் தேதியில் கொடுக்கப் போனீர்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு, எஸ்.பி.க்கு ஒரு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். மனு எழுதுவது உங்களுக்குப் புதிதில்லை.

வாட்ஸ்அப் படம்

பொது இடத்தில் எடுத்த படம் என்பதால், படம் எடுத்ததை மட்டும் வைத்துப் பெரிய வழக்குக் கட்டுவது கடினம். மேலே எழுதிய வரியும் பூசி மெழுகியதாக இருக்கிறது. ஆனால் கீழே உங்கள் உடம்பைப் பற்றி எழுதியவர்கள் தப்ப முடியாது. பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு இப்படி எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதா 79-வது பிரிவில் மூன்று வருடம் வரை தண்டனை உண்டு, போலீஸே நேரடியாக வழக்குப் பதியலாம். அவதூறு என்று போனால் அப்படியில்லை, நீங்களே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்குப் போட்டு நடத்த வேண்டும். குரூப் அட்மினையும் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அட்மினாக இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மதுரைக் கிளை 2021-ல் சொல்லியிருக்கிறது.

எதைச் செய்வதானாலும் தேதி, நேரம், நம்பர் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உங்கள் போன் உடைந்துவிட்டதால், அந்தக் குரூப்பில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் போனிலிருந்து எடுக்கலாம். அந்தப் போன் பத்திரமாக இருக்கட்டும், ஸ்கிரீன்ஷாட் அதிலிருந்துதான் எடுத்தது என்று கோர்ட்டுக்கான சான்றிதழை அவர்தான் கொடுக்க வேண்டியிருக்கும். வழக்குப் போடுவதா என்று இன்றே முடிவு செய்ய வேண்டாம், ஆதாரத்தை மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள்.

மாமியாரும், நண்பரின் மனைவியும்

மாமியார் சொல்கிற கயிறு யோசனையில் உங்களைக் காப்பாற்றுகிற அக்கறை இருக்கிறது, அவரிடம் முகம் முறிக்காதீர்கள். நண்பர் உங்களுக்கு உண்மையிலேயே அண்ணன் மாதிரி என்றால் தாராளமாகக் கட்டுங்கள். ஊர் வாயை அடைக்க வேண்டும் என்று மட்டும் கட்டினால், ‘செல்வி டீச்சர்’ போல அதுவும் இன்னொரு மறைப்பு.

நண்பரின் மனைவியைப் பற்றி “அவருக்கு எல்லாம் தெரியும்” என்று ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அது நண்பர் சொல்லி உங்களுக்குத் தெரிந்ததா, அந்தப் பெண்ணே சொன்னதா? அதே படம் அவருக்கும் வந்திருக்கும், அவர் வீட்டிலும் அதே பேச்சு நடந்திருக்கும். நேரில் போய்ப் பாருங்கள். முடிந்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு குடும்பமும் தெரிந்து பழகுகிற நட்பு நீடிக்கும்.

நட்பை விடுவதா என்று கேட்டீர்கள். விட்டால் ஊர் ஓய்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ‘ஏதோ இருந்ததால்தானே விட்டாள்’ என்று அதற்கும் பேசுவார்கள். கணவர் இப்போதைக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்று கேட்டால் சில மாதம் குறைத்துக்கொள்வதில் குற்றமில்லை, அதை நண்பரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முழுவதும் அறுத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனமில்லை. பிளஸ் டூவோடு நின்ற படிப்பை இத்தனை வருடம் கழித்துத் தொடரவைத்த நட்பு அது. படிப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள்.

மகள் டியூஷனில் கூடப் படிக்கிற பையனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், நோட்டைக்கூட மற்ற பிள்ளைகள் மூலமாகத்தான் வாங்குகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அம்மா செய்ததில் எது சரி, எது மறைத்தது, இப்போது அப்பாவிடம் என்ன பேசியிருக்கிறேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். யாரோ சொல்லித் தெரிந்துகொள்ள விடாதீர்கள்.

கடைசியாக, வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. ராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்டுப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். கணவன் மனைவிக்கு நடுவில் சமரசம் பேசவும் அங்கே ஏற்பாடு உண்டு, வழக்குப் போட்டால்தான் வரலாம் என்றில்லை. ஆடிக் கூட்டத்துக்கு முன்பே போய்விடுங்கள். கணவர் வரச் சம்மதித்தால் இருவருமாகப் போங்கள், இல்லையென்றால் அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளோடு நீங்கள் மட்டும் போங்கள்.